பதினொரு மணித் தண்ணீர்

பாசிக்காரர் தெருவில் நடக்கும்போது அவருடைய இடது கண் பாதி மூடியே இருக்கும். வருடக்கணக்கில் வலது கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இடது கண்ணைச் சுருக்கிப் பழகிப்போன முகம் அது. தெரியாதவர்கள் கண்ணடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தே விட்டாள். மறுநாள் அதை என்னிடம் சொன்னபோதுகூட, "பாவம், அவங்க மேல என்ன தப்பு?" என்றுதான் சொன்னார். உலகத்தில் தன்னைத் தவிர யார் மேலும் தப்பில்லை என்பது அவர் கட்சி.

நான் அவருக்குப் பக்கத்து மேசை. பத்தொன்பது வருடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். நீர்ப் பரிசோதனைக் கூடம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே வந்தால் இரண்டு மேசை, ஒரு கைகழுவும் தொட்டி, கதவு சரியாக மூடாத ஒரு அலமாரி, நாங்கள் இரண்டு பேர். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது, எவ்வளவு கழிவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அதே தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற பாசிகளையும் பூச்சிகளையும் எண்ணுவது அவர் வேலை. ஒரு சொட்டைக் கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஒவ்வொரு உயிருக்கும் கையிலிருக்கும் எண்ணும் கருவியை ஒரு தட்டு தட்டுவார். நாள் முழுக்க அந்த டிக் டிக் சத்தம்தான். முதல் வருடம் எனக்குத் தலைவலியே வந்தது. பிறகு அவர் விடுப்பு எடுத்தால்தான் தலை வலிக்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். நல்லவேளை, அவர் விடுப்பே எடுக்க மாட்டார்.

விடுப்பு எடுத்து எங்கே போவார்? கல்யாணம் ஆகவில்லை. தூரத்து ஊரில் ஒரு தங்கை. ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை. எங்கள் அறைத் தொலைபேசி அடித்தால் அது எனக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி டிக் டிக் என்று ஓடும். அதை நான் கவனித்திருக்கிறேன். கவனித்து என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை.

பேச ஆள் இல்லாததாலோ என்னவோ, கண்ணாடிக்கு அடியில் இருந்தவர்களோடு குடும்பம் நடத்தினார். நட்சத்திரம் மாதிரி இருக்கும் பாசிக்கு நட்சத்திரக்காரர்கள் என்று பெயர். வட்டமாக உருண்டு வருவது சக்கரத்தார். குதித்துக் குதித்துப் பாசியை மேய்கிற நீர்த்தெள்ளுப் பூச்சிகளைப் பிள்ளைகள் என்பார். "பிள்ளைங்க இன்னிக்கு வயிறு நிறைய சாப்பிட்டிருக்குங்க, பச்சையா தெரியுது பாருங்க," என்று என்னைக் கூப்பிடுவார். நான் எழுந்து போனது பத்துக்கு ஒன்று இருக்கும். மற்ற ஒன்பது முறையும், "உங்க வீட்டு விசேஷத்துக்கு அப்புறமா வரேன்," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேலி செய்துவிடுவேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமைதான் அவருக்கு விடிவுகாலம். அன்றைக்கு ஏரிக்குத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். அலுவலக வண்டி பத்தரைக்கு வரும், ஏரியில் பதினொரு மணிக்குப் படகு ஏறுவார், ஒரு மணிக்குள் புட்டிகளோடு திரும்பிவிடுவார். எப்போதோ யாரோ போட்ட உத்தரவு அது. செவ்வாய், பதினொரு மணி, ஏரி நடு. ஏன் பதினொரு மணி என்று யாரும் கேட்டதில்லை. வண்டி அப்போதுதான் கிடைக்கும், அவ்வளவுதான் காரணம்.

படகு ஓட்டியவர் அந்த ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை எடுத்திருந்தவர். எங்கள் அலுவலகத்துக்கு வாரம் ஒரு நாள் துடுப்பு போடுவது அவருக்குக் கூடுதல் வேலை. வாய் ஓயாத மனிதர். பாசிக்காரரோ வாயைத் திறக்கவே யோசிப்பவர். ஆனால் படகில் இரண்டு பேரும் எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் "ஏறுங்க சார், இறங்குங்க சார்" என்றுதான் போயிற்று. ஒரு நாள் நடு ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடை. அதற்கடியில் இரண்டு பேரும் முட்டி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது படகுக்காரர், "கல்யாணம் பண்ணிக்கலையா சார்?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், "எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா உங்களுக்குத்தான் கட்டிக் குடுத்திருப்பேன். இல்லாட்டி என்ன, இன்னிலேருந்து நீங்க என் மச்சான்," என்று சொல்லிவிட்டார்.

இதை என்னிடம் வந்து சொல்லும்போது பாசிக்காரரின் இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன. "நீங்க திருப்பி என்னன்னு கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "நான் எப்படிங்க சட்டுனு கூப்பிடறது? கூச்சமா இருக்காதா?" என்றார். அவர் திருப்பிக் கூப்பிடவே இல்லை. 'நீங்க, வாங்க' என்றே ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் திரும்பி வந்ததும் புட்டிகளை அடுக்கிக்கொண்டே, "மச்சான் மச்சான்னு விட மாட்டேங்கிறார் மனுஷன்," என்று சலித்துக்கொள்வது மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுவார். அந்தச் சலிப்பைக் கேட்கவே நான் காத்திருப்பேன்.

அந்த ஏரிக்குள் ஊர்க் கழிவுநீர் வாய்க்கால் வந்து விழுகிறது. சுத்திகரிக்கிற நிலையம் ஒன்று இருக்கிறது, பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓய்வெடுக்கும். வீட்டுச் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் பாசிக்கு உரம். வயலில் உரம் போட்டால் பயிர் வளர்கிற மாதிரி ஏரியில் பாசி வளரும். பாசியைத் தெள்ளு தின்னும், தெள்ளை மீன்குஞ்சு தின்னும். அதனால் முதலில் சில வருடம் ஏரி கொழுத்தது. வலையை இழுக்க ஆள் போதவில்லை. "ஊர்க்காரங்க குளிக்கிற சோப்புத் தண்ணி எனக்கு மீனா வருது மச்சான்," என்று படகுக்காரர் சிரிப்பாராம். எங்கள் மேலாளரும் அறிக்கையைப் பார்த்து, வாய்க்காலால் ஏரிக்குக் கெடுதி எதுவும் இல்லை, நன்மைதான் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

எல்லாம் கணக்குப்படி சரி. எங்கள் படிவத்தில் பாசிக்கு ஒரே ஒரு கட்டம்தான், 'மொத்த எண்ணிக்கை'. அது வருடா வருடம் ஏறிக்கொண்டே போயிற்று. எந்தப் பாசி என்று கேட்கிற கட்டம் கிடையாது. நாற்பதுக்கு மேல் வகை இருந்த இடத்தில் இருபதானதும், இருபது பத்தானதும் படிவத்துக்குத் தெரியாது. பாசிக்காரருக்கு மட்டும் தெரியும். ஒரு மாதம், "சக்கரத்தாரைக் காணோங்க," என்றார். இன்னொரு மாதம், "நட்சத்திரக்காரங்களும் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க," என்றார். கடைசியில் கயிறு கயிறாகச் சுருண்டு கிடக்கிற நீலப்பச்சைப் பாசி ஒன்றுதான் கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைத் தெள்ளுப் பூச்சியால் தின்ன முடியாது, வாயில் சிக்கிக்கொள்ளும். பிள்ளைகளும் குறைந்துபோனார்கள். படிவத்தில் எண்ணிக்கை மட்டும் முன்னெப்போதும் இல்லாத உச்சம்.

மேலாளரிடம் போய்ச் சொன்னார். "படிவத்துல அந்தக் கட்டம் இல்லையே, நான் எங்க எழுதறது?" என்று அவர் கைவிரித்தார். என்னிடம் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வருடம் படகுக்காரருக்கு ஆசை வந்தது. வழக்கமாக விடுகிற மீன்குஞ்சைப் போல இரண்டு மடங்கு விடலாமா என்று யோசித்தார். யோசித்ததோடு நிற்காமல், நடு ஏரியில் துடுப்பை நிறுத்திவிட்டு, "மச்சான், தண்ணிய வாராவாரம் பாக்கறவரு நீங்க. நீங்க சொல்லுங்க. விடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். பாசிக்காரர் அடுத்த செவ்வாய் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

வந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "ஆக்சிஜன் எவ்வளவு வந்துச்சுங்க?"

"பதிமூணு," என்றேன். நாலுக்குக் கீழே போனால்தான் பயம். "உங்க ஏரியில ஆக்சிஜன் வழியுதுங்க. அள்ளி விக்கலாம்."

"கயித்துப் பாசி மட்டும்தான் இருக்கு. வேற யாருமே இல்ல. எனக்கு என்னமோ மனசு சரியில்லைங்க."

"உங்க குடும்பக் கதைய சாப்பிட்டுட்டு கேக்கறேன்," என்றேன்.

சாப்பிட்ட பிறகும் கேட்கவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாசிக்காரர் படகுக்காரரிடம், "விடுங்க, தண்ணி நல்லா இருக்கு," என்று சொன்னார்.

ஏன் சொன்னார் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். என் பதிமூன்றை நம்பினார் என்பது ஒரு பாதி. மறுபாதி, அவரை ஒரு மனிதன் தன் சொந்த விஷயத்தில் யோசனை கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கேட்ட மனிதன் ஆசையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மச்சான் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு வாரம் வானம் மூடிக்கொண்டது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அந்த வாரச் செவ்வாய் பதினொரு மணித் தண்ணீரில் ஆக்சிஜன் ஆறு. எல்லைக்குள்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வந்தபோது பாசிக்காரர் கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. மடியில் ஒரு புட்டி. சூரியன் மேற்கே உதித்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"மீனெல்லாம் செத்துப்போச்சுங்க," என்றார். "விடியக்காலையில படகுக்காரர் வந்து கதவைத் தட்டினார். போய்ப் பாத்தேன். ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையா வயித்தைக் காட்டிட்டு மிதக்குது. அப்பவே புட்டியில தண்ணி புடிச்சு மருந்து ஊத்திக் கொண்டாந்தேன்."

புட்டியை நீட்டினார். ஆக்சிஜன் பார்க்கத் தண்ணீரைப் பிடித்ததும் அதே இடத்தில் இரண்டு மருந்து விட்டு மூட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் அடியில் பழுப்பாக ஒரு படிவு இறங்கும். எவ்வளவு பழுப்போ அவ்வளவு ஆக்சிஜன். அதுவரை பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் பழுப்புதான். இந்தப் புட்டியின் அடியில் வெள்ளையாக இருந்தது. தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டினேன். வைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி வெள்ளையாகவே இறங்கியது. வெள்ளை என்றால் ஆக்சிஜன் துளிகூட இல்லை என்று பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பாசி வெயிலில் ஆக்சிஜனை விடும், இருட்டில் அதுவும் நம்மைப் போல இழுத்துக்கொள்ளும். சாக்கடைக் கழிவு மக்குவதற்கும் ஆக்சிஜன் வேண்டும், மீனுக்கும் வேண்டும். பாசி எவ்வளவு அதிகமோ, பகலில் அவ்வளவு ஏறும், விடியும்போது அவ்வளவு இறங்கும். நாங்கள் இரண்டு பேரும் படித்த பாடம்தான் அது. படித்துவிட்டு, ஏரி வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிற பதினொரு மணிக்கு மட்டும் போய் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். மூச்சுத் திணறுகிற நேரத்தில் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

விசாரணை வந்தது. மேலாளர் கோப்பைப் புரட்டிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார். "நம்ம பேப்பர் சுத்தமா இருக்கு. ஒரு வாரம்கூட எல்லை தாண்டல. அந்த ஆளு பேராசையில மீனை அளவுக்கு மீறி விட்டுட்டான், அதான்." பாசிக்காரர், பதினொரு மணிக்குப் பார்ப்பதால்தான் தெரியவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். படிவத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. கெஞ்சினார். நடக்கவில்லை. குற்றம் படகுக்காரர் தலையில் விழுந்தது.

அன்று சாயங்காலம் படகுக்காரரே எங்கள் அறைக்கு வந்தார். நான் அலமாரிக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகச் செத்த மீனை அள்ளிப் புதைத்த கை, வாசலிலேயே நாறியது. கூச்சத்தோடு உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான்," என்றார். "நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறீங்கன்னு வண்டிக்காரர் சொன்னாரு. உங்க கணக்கு சரியாத்தானே இருந்துச்சு? அதுல இல்லாதது உங்களுக்கு எப்படித் தெரியும்? நானும் கொஞ்சம் ஆசைப்பட்டுட்டேன். விடுங்க."

அவ்வளவுதான். இவர் தலையை ஆட்டியிருந்தால் போதும். செவ்வாய்க்கிழமை வந்திருக்கும், படகு வந்திருக்கும், மச்சானும் வந்திருக்கும். ஆட்டுங்கள், ஆட்டித் தொலையுங்கள் என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

பாசிக்காரர் எழுந்து நின்றார். "மச்சான்," என்றார்.

அத்தனை வருடத்தில் முதல் தடவை.

"மச்சான், எனக்குத் தெரியும். தண்ணி கெட்டுக்கிட்டு வருதுன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். நல்ல பாசியெல்லாம் போயிருச்சு, பூச்சி போயிருச்சு. நீங்க கேட்டப்பவே எனக்கு மனசு உறுத்துச்சு. ஆனா நீங்க ஆசையாக் கேட்டீங்க. இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

படகுக்காரர் நிலையிலிருந்து கையை எடுத்தார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

"சரிங்க சார்," என்றார். போய்விட்டார்.

அடுத்த செவ்வாயும் படகு வந்தது, ஒப்பந்தம் அப்படி. "ஏறுங்க சார்." "இறங்குங்க சார்." நடுவில் துடுப்புச் சத்தம் மட்டும்தானாம். பாசிக்காரர் திரும்பி வந்து புட்டிகளை அடுக்கினார். சலித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எனக்கு அன்றைக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக மின்விசிறியைத் திட்டினேன்.

அதன் பிறகு அவர் ஒரு காரியம் ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை, எந்தப் படிவமும் கேட்கவில்லை. தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து ஏரிக்கரைக்கு நடந்துபோவார். கரையிலிருந்து கயிறு கட்டிப் புட்டியை இறக்கித் தண்ணீர் எடுத்து மருந்து விடுவார். நல்ல பழுப்பாக இறங்கினால் பேசாமல் திரும்பிவிடுவார். வெளுப்பாக இறங்கினால் மதகுக் கம்பத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுவார். முதல் தடவை துணியைப் பார்த்த படகுக்காரருக்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீரை மேலே இறைத்துக் கொட்டுகிற மோட்டாரை ஓடவிட்டார், தீனியை நிறுத்தினார், பாதி மீனைப் பிடித்து வெளியேற்றினார். ஏழு வருடத்தில் ஐந்து முறை அந்தத் துணி ஏறியது. ஒரு தடவைகூட மீன் சாகவில்லை. ஒரு தடவைகூட படகுக்காரர் இக்கரைக்கு வந்து ஒரு வார்த்தை பேசவுமில்லை. அக்கரையில் ஒருவர், இக்கரையில் ஒருவர். இந்த ஆண்களுக்கு யார் இப்படியெல்லாம் கற்றுக்கொடுக்கிறார்களோ!

பிறகு மூன்று நாள் தொடர் விடுமுறை ஒன்று வந்தது. முடிந்து திங்கட்கிழமை நான் போனபோது அதே வாசற்படியில் படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என் மச்சான் மூணு நாளா கரைக்கு வரலம்மா. எங்க போனாரு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் காணாமல் போய் மூன்று நாள். பக்கத்து மேசைக்காரி எனக்குத் தெரியவில்லை, ஏழு வருடமாகப் பேசாத ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு பேரும் அவர் அறைக்கு ஓடினோம். கீழ் வீட்டுக்காரர் சொன்னார். குளியலறைத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க எந்தப் பாசியை எண்ணினாரோ அதுவே காலை வாரிவிட்டது.

ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். படகுக்காரர் கால்மாட்டில் போய் நின்றார். வழியெல்லாம் மச்சான் மச்சான் என்று புலம்பிக்கொண்டு வந்த மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்படி இருக்கீங்க சார்?" என்றார்.

"பரவாயில்லைங்க," என்றார் இவர்.

இரண்டு தலையையும் பிடித்து ஒன்றோடொன்று முட்ட விடலாமா என்று எனக்கு வந்தது. ஐந்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, "வரேன் சார்," என்று படகுக்காரர் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் சொன்னேன். "காலையில வந்து என் மச்சான் எங்கன்னு கேட்டாருங்க. மச்சான்னுதான் கேட்டாரு. என் காதால கேட்டேன்."

பாசிக்காரர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "எல்லாத்தையும் கேலி பண்ணுவீங்க, தெரியும். இத மட்டும் வேணாங்க."

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. பத்தொன்பது வருடமாக நான் சொன்ன எண்ணையெல்லாம் நம்பிய மனிதர். அந்தப் பதிமூன்றைக்கூட நம்பியவர். நான் சொன்ன இந்த ஒன்றை நம்பவில்லை. அவர் மேல் தப்பில்லை. நான் அப்படித்தான் பழகியிருந்தேன்.

தங்கை வந்து அழைத்துப்போனாள். ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான் இருந்தது, மருத்துவ விடுப்பிலேயே அது கழிந்துவிட்டது. போவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "விடியக்காலைப் புட்டிய யார் பாப்பாங்க?"

நான்தான் பார்க்கிறேன். காலையில் எழுந்திருப்பது எனக்கு விஷம். எழுந்திருக்கிறேன். படிவம் இன்னும் மாறவில்லை, மேலாளரும் மாறவில்லை, வாய்க்காலும் மாறவில்லை. செவ்வாய் பதினொரு மணிக்கு ஏரி அதே மாதிரி சிரிக்கிறது. இவர் ஆரம்பித்துவைத்த விடியற்காலை நோட்டில் தேதி, ஆக்சிஜன், காற்று, மேகம் என்று எழுதி, மாதக் கடைசியில் நகல் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். ஊருக்குப் போன பிறகு அவர் கேட்டுக்கொண்டது அது.

நான் போக ஆரம்பித்த மறுநாளே படகு இக்கரைக்கு வந்தது. "மச்சான் எப்படி இருக்காரும்மா?" என்று கேட்டார். நல்லா இருக்கார் என்றேன். நாலு நாள் கழித்து மறுபடி. பிறகு தினமும். "நீங்களே பேசுங்களேன், நம்பர் தரேன்," என்றால், "பேசணும், பேசணும்," என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டே துடுப்பைத் தள்ளிவிடுவார். நம்பர் அந்தப் பையில்தான் இருக்கிறது, நான் எப்போதோ எழுதிக்கொடுத்துவிட்டேன்.

சொன்னால்தானே கேலி என்கிறார், எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நோட்டில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது இவரே கோடு போட்டுச் சேர்த்தது. அதில் எழுத ஆரம்பித்தேன். 'காற்று இல்லை. லேசான நாற்றம். மச்சான் எப்படி இருக்கார் என்று படகுக்காரர் கேட்டார்.' அடுத்த நாள், 'மேகம். படகுக்காரர் அதையே கேட்டார்.' முப்பது நாளும் முப்பது வரி. நகல் எடுத்து அனுப்பிவிட்டேன்.

போன வாரம் தொலைபேசி அடித்தது. அவர்தான்.

"நோட்டு வந்துச்சுங்க," என்றார். "பதினாலாம் தேதி ரெண்டுக்குக் கீழ போயிருக்கே. துணி கட்டினீங்களா?"

"கட்டினேன். மோட்டார் ஓடுச்சு. ஒண்ணும் ஆகல."

"மேகம் இருந்தா ரெண்டு புட்டி எடுங்க. ஒண்ணு போதாது."

"சரிங்க."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"குறிப்புல எழுதியிருக்கீங்களே," என்றார்.

"ஆமா."

"அதுக்கு நேரம் போடலையே நீங்க. எத்தனை மணிக்குக் கேட்டாரு?"

"விடியறதுக்கு முன்னாடிங்க. அஞ்சே முக்கால் இருக்கும். புட்டி அப்ப என் கையிலதான் இருந்துச்சு."

பாத்திரச் சத்தமும் நின்றுபோயிருந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுபடவில்லை.

"அஞ்சே முக்காலா?" என்றார். "அப்ப அது சரியாத்தான் இருக்கும்."